விசில் கயிற்றில் தொங்கிய சாவி

எங்கள் மேஸ்திரியக்காவுக்கு யாராவது தண்ணீர் கொடுத்தால் முதலில் குடிப்பது அவள் மூக்குதான். டம்ளரை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி ஒரு மூச்சு இழுப்பாள். பிறகு சாய்த்து அடியைப் பார்ப்பாள். அப்புறம் கொடுத்தவளின் முகத்தைப் பார்ப்பாள். எல்லாம் தேறினால்தான் தண்ணீர் தொண்டையில் இறங்கும். சொந்தத் தங்கை வீட்டிலும் இதே கதைதான். தங்கை ஒருதரம் கோபித்துக்கொண்டு டம்ளரைப் பிடுங்கித் தானே மடக்கென்று குடித்துக் காட்டினாளாம். அக்கா கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, இப்ப இன்னொண்ணு கொண்டா" என்றாளாம்.

நேரில் நாங்கள் அவளை மேஸ்திரியக்கா என்போம். முதுகுக்குப் பின்னால் அவள் பெயர் சி.ஐ.டி.தான். எலுமிச்சைத் தோட்டத்தில் பழம் பறிக்கும் பெண்கள் எல்லோருக்கும் அவள்தான் மேல். கழுத்தில் கயிறு, கயிற்றில் விசில். அவள் ஊதினால் வேலை தொடங்கும், ஊதினால் சாப்பாடு, ஊதினால் வீடு. நாங்கள் எல்லோரும் குடியிருப்பது தோட்டத்துக்காரர்கள் கட்டிவிட்ட வரிசை வீடுகளில். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் வீட்டில் ஸ்பூன் விழுந்தால் எனக்குக் கேட்கும். நான் பேசினால் அவளுக்குக் கேட்கும். அதனால் அவளைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் வாய்க்கால் வரை நடந்துபோய்ப் பேசிவிட்டு வருவேன்.

அவள் பிறக்கும்போதே இப்படி இல்லை. கல்யாணமான புதிதில் வேறொரு தோட்டத்தில் வேலை பார்த்தாள். வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்க ஒரு டிரம் வேண்டும் என்று ஸ்டோர்காரனிடம் கேட்டாள். அவன் பின்பக்கம் கிடந்த நீல டிரம் ஒன்றைக் கொடுத்து, "கழுவியாச்சும்மா, தாராளமா எடுத்துட்டுப் போ" என்றான். பூச்சிமருந்து வந்த டிரம். அவளும் நம்பி எடுத்துப் போனாள். கைக்குழந்தையாக இருந்த மகன் அந்தத் தண்ணீரைக் குடித்து, வாயில் நுரை தள்ளி, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தான். ஸ்டோர்காரன் பார்க்கக்கூட வரவில்லை. கேட்டதற்கு, நான் வேலைக்காரனைக் கழுவச் சொன்னேன், கழுவினானா இல்லையா எனக்கென்ன தெரியும் என்றானாம். அன்றைக்கு வந்த மூக்கு இது.

அந்த மகன் இப்போது லாரி ஓட்டுகிறான். எப்போது வருவான், எப்போது போவான் என்று சொல்ல முடியாது. அவன் பெண்டாட்டி, அதாவது அக்காவின் மருமகள், எங்களோடுதான் பழம் பறிக்கிறாள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பெண். இல்லை, அப்படித்தான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

போன வருஷக் கடைசியில் மேனேஜர் எங்களையெல்லாம் பழம் தரம் பிரிக்கும் கொட்டகையில் கூப்பிட்டு உட்கார வைத்தார். உட்கார வைத்ததே எங்களுக்குச் சந்தேகமாக இருந்தது. அதுவரை நின்றுகொண்டுதான் அவர் பேச்சைக் கேட்டிருக்கிறோம். நம் எலுமிச்சையை வாங்கும் வெளிநாட்டுக் கடைக்காரர்கள் இனிமேல் ஒரு சர்டிபிகேட் கேட்கிறார்கள் என்றார். பழம் நன்றாக இருந்தால் மட்டும் போதாதாம், பறிக்கிறவர்களும் நன்றாக இருக்க வேண்டுமாம். கையுறை, குடிதண்ணீர், மருந்துப் பெட்டி, தோட்டத்துக்குள்ளேயே கழிப்பறை எல்லாம் வரப்போகிறது. சர்டிபிகேட் கிடைக்காவிட்டால் அடுத்த பருவத்துக்குப் பழத்தை லாரியில் ஏற்ற முடியாது, எல்லோரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்று முடித்தார்.

கூட்டம் கலைந்ததும் அக்கா எங்களை ஓரமாகக் கூட்டி வைத்து விளக்கவுரை சொன்னாள். கையுறை கொடுப்பது முள் குத்தாமலிருக்க இல்லை, முள் குத்திவிட்டது என்று யாரும் சாக்குச் சொல்லாமலிருக்க. கழிப்பறை கட்டுவது யார் எத்தனை தடவை போகிறாள் என்று எண்ண. புகார்ப்பெட்டி வைப்பது கையெழுத்தைப் பார்த்து ஆளைப் பிடிக்க. நாங்கள் சிரித்தோம். ஆனால் யாரும் புகார்ப்பெட்டிப் பக்கம் போகவில்லை. அதையும் கொண்டுபோய் மேனேஜர் ஜன்னலுக்கு நேர் கீழே மாட்டியிருந்தார்கள். கொஞ்ச நாளில் அதற்குள் இருந்தது மிட்டாய்க் காகிதமும் பல்லி முட்டையும்தான்.

கழிப்பறை மட்டும் நிஜமாகவே அழகாக வந்தது. தோட்டத்துக்கு நடுவில், சின்ன வீடு மாதிரி. வெளியே வெள்ளைச் சுண்ணாம்பு, தகரக் கதவு, பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. எங்கள் வரிசை வீடுகளில் எல்லோருக்கும் பொதுவாக இருப்பதைவிட இது எவ்வளவோ மேல். திறந்த அன்றைக்கு எல்லோரும் எட்டிப் பார்க்கத் துடித்தோம். அதற்குள் கதவில் பூட்டுத் தொங்கியது.

நடந்தது இதுதான். அக்காவே பின்னால் என்னிடம் சொன்னாள், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேனேஜர் அவளைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். சர்டிபிகேட்டுக்குச் சோதனை போட ஆடிட் வருகிற அன்றைக்குக் கழிப்பறை கட்டின மாதிரியே இருக்க வேண்டும், ஒரு கறை தெரிந்தாலும் விசில் வேறு கழுத்துக்குப் போய்விடும், இந்தப் பொம்பளைகளை நம்ப முடியாது, பேசாமல் ஒரு பூட்டைப் போட்டுவிடுங்கள் என்றிருக்கிறார். அக்கா தன் வீட்டுப் பெட்டியில் தொங்கிய சின்னப் பூட்டையே எடுத்துவந்து மாட்டினாள். சாவியை விசில் கயிற்றில் கோத்துக்கொண்டாள். தினமும் விடிந்ததும் தானே போய்க் கழுவித் துடைத்துவிட்டுப் பூட்டுவாள். குழாயில் கம்பெனிக்காரன் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக்கூடக் கிழிக்கவில்லை. புதிது என்பதற்கு அது அத்தாட்சியாம்.

எனக்கு இன்றைக்கும் இதை நினைத்தால் எரிச்சல் வரும். தங்கை கொடுத்த தண்ணீரை மோந்து பார்த்தவள், இந்த ஆள் சொன்ன பேச்சை மட்டும் மோந்து பார்க்காமல் விழுங்கினாள். விசிலைக் கொடுத்தவர் அவர். அந்த விசிலுக்காக அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. பழம் வெட்டும் கத்தரி பிடித்துக் காய்த்த கை, முள் கிழித்த முழங்கை, இதெல்லாம் தாண்டித்தான் அது கழுத்துக்கு வந்தது. போனால் திரும்பி வராது என்ற பயம் அவளுக்கு இருந்தது.

சாவி கேட்கலாம், கேட்கக்கூடாது என்று அவள் சொல்லவில்லை. ஆனால் கேட்டால் விசாரணை நடக்கும். காலையில்தானே போனாய், என்ன சாப்பிட்டாய், உண்மையாகவே அவசரமா, இல்லை நிழலில் உட்கார இடம் தேடுகிறாயா என்று கேட்பாள். இந்த மானக்கேட்டுக்குப் பழையபடி வாய்க்காலைத் தாண்டி முள்ளுச்செடி மறைவுக்கே போய்விடலாம் என்று நாங்கள் போனோம். சொன்னால் சிரிப்பீர்கள், அக்காவும் அங்கேதான் வந்தாள். கழிப்பறையை அழுக்காக்க அவளுக்கே மனசு வரவில்லை.

ஆடிட்டுக்கு முன்னால் ஒருநாள் சர்டிபிகேட் கொடுக்கிற ஆபீசிலிருந்து ஒரு அம்மா வந்து பாடம் நடத்திவிட்டுப் போனார், சர்டிபிகேட் அம்மா என்று பெயர் வைத்தோம். குள்ளமான பெண்மணி, காலில் ஷூ, சிரிக்கவே தெரியாத முகம். மருந்து அடித்த வரிசையில் சிவப்புக் கொடி நடவேண்டும், கொடியை எடுக்கும் வரை உள்ளே போகக்கூடாது என்றார். தொழிலாளிகள் தங்களுக்கென்று ஒரு பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றார். மாசமாக இருக்கிறவர்களை மருந்துப் பக்கம் விடக்கூடாது என்றும் சொன்னார். கடைசியில் போன் நம்பர் அச்சடித்த சின்ன அட்டையை நீட்டினார். எல்லோரும் அக்கா முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டோம். மருமகள் மட்டும் கை கழுவுகிற சாக்கில் தொட்டிப் பக்கம் போய் அந்த அம்மாவிடம் ஒரு அட்டையை வாங்கிக்கொண்டாள். அக்கா பார்த்துவிட்டாள்.

அன்றையிலிருந்து சி.ஐ.டி.க்குச் சொந்த வீட்டிலேயே வேலை வந்துவிட்டது. யாரோ ஒருத்தி போட்டுக்கொடுக்கப் போகிறாள், அது யார் என்று அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிக்கொண்டிருந்தாள். ஆள் கிடைத்துவிட்டது. மருமகள் காலையில் வேலைக்கு நடுவே காணாமல் போகிறாள். வாய்க்கால் பக்கம் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வருகிறாள். ராத்திரிச் சாப்பாட்டைத் தொட்டும் தொடாமலும் எழுந்துவிடுகிறாள். போனில் குசுகுசுவென்று பேசுகிறாள், மாமியார் வந்தால் வைத்துவிடுகிறாள். இதையெல்லாம் என்னிடம் ஒப்பித்துவிட்டு, "இவ யாருக்கு நியூஸ் குடுக்கிறா, கொஞ்சம் கவனி" என்றாள்.

நான் அக்காவையே பார்த்தேன். வேலைக்கு நடுவே வாந்தி, சாப்பாடு பிடிக்கவில்லை, முகம் வெளுத்திருக்கிறது. எங்கள் கூட்டத்தில் அத்தனை பேருக்கும் விஷயம் புரிந்துவிட்டிருந்தது. உலகத்தையே துப்பறிகிறவளுக்கு மட்டும் புரியவில்லை. சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போன பறிப்பின்போது வயிறு தெரிய ஆரம்பித்த இரண்டு பேரை மேனேஜர், "வீட்ல ஓய்வெடும்மா" என்று இனிக்க இனிக்கச் சொல்லி அனுப்பினார். அந்த ஓய்வு இன்னும் முடியவில்லை. இப்போது சர்டிபிகேட் அம்மா சொன்ன விதியையும் அக்காவே, மாசமானவர்களை மொத்தமாகக் கழித்துக்கட்டப் போகிறார்கள் என்று எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லியிருந்தாள். சொல்ல வேண்டியது அந்தப் பெண். நான் வாயை மூடிக்கொண்டேன், அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஆடிட் நாள் வந்தது. எங்களுக்கெல்லாம் புதுக் கையுறை. என்னை மேனேஜர் காலையிலேயே தோட்டத்தின் கடைக்கோடி வரிசைக்கு அனுப்பிவிட்டார். வாயாடிக்குக் கிடைக்கும் மரியாதை அது. ஆனால் கண்ணுக்கு யார் கதவு போடுவது? மரத்திடுக்கில் எல்லாம் தெரிந்தது. அக்கா விடிவதற்குள் பூட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். சாவி மட்டும் வழக்கம்போல விசிலோடு ஆடிக்கொண்டிருந்தது.

சர்டிபிகேட் அம்மா கழிப்பறைக்குள் போனார். வெளியே வர நேரமானது. வந்தவர் கையில் சோப்பு இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் பதித்திருந்த எழுத்து ஒன்றுகூடத் தேயவில்லையாம். மேனேஜர் பக்கத்தில் நின்று, எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறோம் பார்த்தீர்களா என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மா சோப்பை உள்ளே வைத்துவிட்டு, கதவுக் கொண்டியையும் அக்கா கழுத்தில் ஆடிய சாவியையும் ஒருதரம் பார்த்துவிட்டு வந்தார். பிறகு மர வரிசையின் கடைசியில் இரண்டு நாற்காலி போடச் சொன்னார். பெண்களை ஒவ்வொருத்தியாகத் தானே கைகாட்டிக் கூப்பிட்டுப் பேசினார். மேஸ்திரியோ மேனேஜரோ காதுக்கெட்டும் தூரத்தில் நிற்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

மற்றவர்கள் போன வேகத்தில் திரும்பினார்கள். மருமகள் போனாள், திரும்பவில்லை. பேசிக்கொண்டே இருந்தாள். வாயே திறக்காத பெண் கையையெல்லாம் ஆட்டிப் பேசியதை அன்றுதான் பார்த்தோம். தூரத்தில் நின்ற அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. உதட்டசைவை வைத்து ஏதாவது பிடிபடுமா என்று கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் கொட்டகையில் எல்லோர் முன்னாலும் அந்த அம்மா சொன்னார். கழிப்பறை கட்டியிருக்கிறது, ஆனால் யாரும் பயன்படுத்தவில்லை, பூட்டி வைத்திருந்திருக்கிறார்கள். இப்போதைக்கு சர்டிபிகேட் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் திரும்ப வருவேன், அதற்குள் சரியாக வேண்டும். மேனேஜர் வாயில் கை வைத்தார். பூட்டா என்றார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, "மேஸ்திரி பூட்டினது எனக்குத் தெரியவே தெரியாதே" என்றார். அவர் எங்கள் முன்னாலேயே அவள் கழுத்துக் கயிற்றிலிருந்து விசிலைக் கழற்றிக்கொண்டார். சாவியை மட்டும் அவள் கையில் கொடுத்தார், அதற்கும் தனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்பது போல.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அக்கா எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தாள். கதவைச் சாத்திய சத்தம் என் வீட்டுப் பாத்திரத்தை ஆட்டியது. சுவரில் காதை வைக்க வேண்டிய அவசியமே இல்லை. கொஞ்ச நேரத்தில் எனக்குப் பயமாகிவிட்டது, எழுந்து அவர்கள் வாசலில் போய் நின்றேன். மருமகள் அடுப்பருகே நின்றாள். அக்கா அவள் முன்னால் நின்று அந்த அம்மாவிடம் என்ன சொன்னாய் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தப்பா ஒண்ணும் சொல்லலை, அத்தை. கக்கூஸ் எப்படியிருக்குன்னு கேட்டாங்க. நல்லாருக்கு, தினம் அங்கதான் போறோம்னு சொன்னேன். உங்களுக்குக் கெட்ட பேரு வரக்கூடாதுன்னுதான் சொன்னேன்."

"அப்புறம் எப்படித் தெரிஞ்சது அவளுக்கு?"

"உள்ள டைல்ஸ் என்ன கலர்னு கேட்டாங்க." மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்குத் தெரியலை, அத்தை. வெள்ளைன்னு சொல்லிப் பாத்தேன். அவங்க எழுதிக்கிட்டாங்க."

"நீலம்" என்றாள் அக்கா. குரல் இறங்கிவிட்டிருந்தது. "நீலம்டி."

தினமும் அதைத் துடைத்தவள் அவள் ஒருத்திதான். எங்களில் வேறு யாருக்கும் அந்த நிறம் தெரியாது. அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொருத்தியும் அவளைக் காப்பாற்றத்தான் பொய் சொல்லியிருக்கிறாள். ஒருத்தி பச்சை என்றாளாம், ஒருத்தி பூப்போட்டது என்றாளாம். போட்டுக்கொடுத்தவள் என்று யாருமே இல்லை.

நான் வாசலில் நிற்பதை இருவரும் கவனிக்கவில்லை. அக்கா கொஞ்சம் தணிந்து, இவ்வளவு தூரம் வாய்க்காலுக்குப் போனதற்கு ஒருநாளாவது சாவி கேட்டிருக்கலாமே, நான் கொடுத்திருக்க மாட்டேனா என்றாள். கேட்டால் எதற்கு அடிக்கடி போகிறாய் என்று கேட்பீர்கள், அதற்கு நான் என்ன பதில் சொல்வது என்றாள் மருமகள்.

அப்போதுதான் அக்கா அவளை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். முகத்தை, கழுத்தை, வயிற்றை. எத்தனை நாள் கண்காணித்திருக்கிறாள், ஆனால் பார்க்கவில்லை.

"எத்தனை மாசம்?"

"மூணு முடிஞ்சிடுச்சு. அவரு லாரியிலேர்ந்து வந்ததும் சொல்லிக்கலாம்னு போன்ல பேசிக்கிட்டோம்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"யார் யாருக்கு உடம்பு முடியலைன்னு காலைல மேனேஜர்கிட்ட நீங்கதானே சொல்லணும். மாமியார்கிட்ட சொல்லலாம், அத்தை. மேஸ்திரிகிட்ட எப்படிச் சொல்றது?"

அந்த அம்மாவிடம் அவ்வளவு நேரம் பேசியதும் இதைத்தான். மாசமாக இருந்தால் வேலையை விட்டு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறாள். கூடாது, கொட்டகையில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுக்க வேண்டும், கூலி குறையக்கூடாது என்று அவர் சொல்லியிருக்கிறார். நிஜமா என்று இவள் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள். மாமியாரிடம் பழகிய பழக்கம்.

அக்கா அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அவள் நினைப்பு வேறெங்கோ போயிருந்தது. வாய்க்காலுக்கு எந்த வழியாகப் போனாய் என்று கேட்டாள். குறுக்கு வழிதான் என்றாள் மருமகள். குறுக்கு வழி சிவப்புக் கொடி நட்ட வரிசைகளுக்கு ஊடே போகிறது. மருந்து அடித்து ஈரம்கூடக் காயாத வரிசைகள். சுற்றிப் போக நேரமில்லை, வாந்தி வந்துவிடும் என்று அதற்குள் புகுந்து ஓடியிருக்கிறாள்.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. டிரம்மைக் கழுவியாச்சு என்று சொன்ன ஸ்டோர்காரனை இத்தனை வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தவள். இந்தத் தடவை அவன் நின்ற இடத்தில் தானே நின்றுவிட்டதாக அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். உள்ளே போய் டம்ளரில் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். அந்த அழுகையிலும் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தாள்.

மறுநாள் மருமகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். குழந்தை நன்றாக இருக்கிறது, இனி மருந்துப் பக்கம் போகக்கூடாது என்றார் டாக்டர். அக்காவுக்குத் திருப்தியில்லை. அந்த டாக்டர் சொன்னது சரிதானா என்று கேட்க இன்னொரு டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

அதற்கடுத்த நாள் காலை, நாங்கள் கத்தரி எடுக்கக் கூடியிருந்தபோது, அக்கா கழுத்தில் வெறும் கயிற்றோடு வந்தாள். கையில் அந்தப் பூட்டு, அதிலேயே சாவி. நேராக ஆபீசுக்குப் போய், மேனேஜர் ஜன்னலுக்குக் கீழே மாட்டியிருந்த புகார்ப்பெட்டிக்குள் அதைத் தள்ளினாள். தகரத்தில் விழுந்த சத்தத்துக்கு மேனேஜர் எட்டிப் பார்த்தார். அக்கா அவரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தோட்டத்துக்கு வந்துவிட்டாள். அந்தப் பெட்டியில் விழுந்த முதல் புகார் அதுதான்.

கழிப்பறைக் கதவு அன்றையிலிருந்து திறந்து கிடந்தது. முதல் ஆளாக மருமகளைத்தான் அனுப்பினோம். அக்கா வெளியே காவல் நின்றாள். அப்புறம் நாங்கள் ஒவ்வொருத்தியாகப் போய் நீலத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். நல்ல நீலம்தான்.

விசில் இன்னொருத்தி கழுத்துக்குப் போயிருந்தது. மேனேஜரின் தூரத்துச் சொந்தக்காரி, ஊதத் தெரியாமல் ஊதி எச்சில்தான் தெறித்தது. அக்கா எங்களோடு வரிசையில் நின்று பழம் பறித்தாள். வயசான கை, எங்களுக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. மதியத்துக்குமேல் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். விசில் போன துக்கம் அவளை அரித்துக்கொண்டிருந்தது, அவள் மறைக்கவும் இல்லை. கயிற்றை மட்டும் கழற்றாமல் போட்டுக்கொண்டிருந்தாள்.

சர்டிபிகேட் அம்மா திரும்ப வரப்போகிறார் என்று எப்படியோ மேனேஜருக்கு மோப்பம் கிடைத்துவிட்டது. முந்தின நாள் அவரே எங்கள் வரிசைக்கு வந்தார். அக்காவை ஓரமாகக் கூப்பிட்டார். நான் பக்கத்து மரத்தில்தான் இருந்தேன், நகரவில்லை. நாளைக்குக் கேட்டால், பூட்டியது என் சொந்த யோசனை, யாரும் சொல்லவில்லை என்று சொல்லிவிடுங்கள், பழையபடி மேஸ்திரியாகிவிடலாம் என்றார். சொந்தக்காரியிடமிருந்து வாங்கிவந்த விசிலைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

அக்கா வாங்கிக்கொண்டாள். அந்த விசில் மேல் அவளுக்கிருந்த ஆசை எனக்குத் தெரியும். உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தாள்.

"இதுல யாரோ வாய் வெச்சிருக்காங்க" என்று திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் நாற்காலியில் அவளைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். அந்த அம்மா பாட்டில் தண்ணீர் நீட்டினார். வேண்டாம் என்றாள், தன் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். ஆனால் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாள். பூட்டச் சொன்னது யார், பூட்டியது யார், ஓய்வெடுக்கப் போனவர்கள் யார் யார், கொடி நட்ட வரிசை வழியாக எங்களை ஓட வைத்தது எது. தன்னைத் தப்பவிட்டு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மேனேஜர் இன்னும் ஆபீஸ் நாற்காலியில்தான் இருக்கிறார், அவரை அசைக்க யாராலும் முடியாது. ஆனால் ஓய்வெடுக்கப் போன இரண்டு பேரும் வேலைக்குத் திரும்பினார்கள். சர்டிபிகேட் அதற்கப்புறம்தான் வந்தது.

பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது நான்தான் எழுந்து அக்கா பெயரைச் சொன்னேன். யாரையும் நம்பாத ஆள்தான் நமக்கு வேண்டும், இனிமேல் அவள் ஆபீஸ் பக்கமாகத் திரும்பி மோந்து பார்க்கட்டும் என்றேன். எல்லோரும் கை தூக்கினார்கள், மருமகளும்தான். அக்கா எங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். எதற்கு எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி கை தூக்குகிறீர்கள், உள்ளுக்குள் என்ன திட்டம் என்று கேட்டாள்.

மருமகளுக்குக் கொட்டகையில் பழம் தரம் பிரிக்கும் வேலை கொடுத்தார்கள். உட்கார ஒரு ஸ்டூல் வந்தது. அவள் உட்காரப் போகும்போது அக்கா கையை நீட்டித் தடுத்தாள். ஸ்டூலைத் தலைகீழாகக் கவிழ்த்து ஆணியை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். நிமிர்த்தி வைத்து நான்கு காலையும் ஆட்டினாள். பலகையைக் குனிந்து மோந்தாள். பிறகு தானே அதில் ஏறி உட்கார்ந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முழு பாரத்தையும் போட்டு அசைந்தாள். பழக்கூடை நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அவசரப்படவில்லை. எல்லாம் முடிந்து எழுந்து, உட்கார்ந்த இடத்தைக் கையால் துடைத்தாள்.

"ம், இப்ப உக்காரு" என்றாள்.